ஆஸ்திரிய நாட்டு உணவும் அதனைச் சமைத்த கைகளும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டின் அரண்மனைகளையும், போர்க்களங்களையும், நூல்நிலையங்களையும் நாடிச் செல்வது வழக்கம். அடுக்களையை நாடிச் செல்வார் மிகச் சிலரே. ஆயினும் அரசர்தம் சாசனங்கள் கூறாது விட்ட செய்திகளை ஓர் உணவுக்கலம் சிற்சில சமயங்களில் ஒளியாது கூறிவிடும். இதற்கு ஐரோப்பாக் கண்டத்தின் நடுவிலே அமைந்துள்ள ஆஸ்திரியா தேசம் தக்கதொரு சான்றாகும். அந்நாட்டைக் காணச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் ஆங்கு உண்டு பார்க்கத்தக்க பண்டங்கள் இவை என்பதையும், அவை எங்கிருந்து, எவர் கையால் வந்தன என்பதையும் இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1995-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்திலே சேர்ந்தது. அப்பொழுது எழுதப்பட்ட உடன்படிக்கையில், நகைப்புக்கிடமானது என்று முதலிற் தோன்றக்கூடிய ஒரு சிறு பகுதியுண்டு. ஆஸ்திரியரும் ஜெர்மானியரும் பேசுவது ஒரே மொழியாயினும், உணவுப் பொருள்கள் சிலவற்றுக்கு இருவரும் வெவ்வேறு பெயர் வழங்குகின்றனர். தம் நாட்டுப் பெயர்கள் ஜெர்மானியப் பெயர்களுக்கு இடங்கொடுத்து மறைந்துபோகுமோ என்று அஞ்சிய ஆஸ்திரியர், 23 சொற்களைக் குறித்து, அவை தமக்குரியவை, அவற்றுக்கும் சமமான மதிப்பு வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுவித்துக்கொண்டனர். அவை யாவும் உணவுப் பொருள்களின் பெயர்களே. உருளைக்கிழங்குக்கு ‘நிலத்து ஆப்பிள்’ என்னும் பொருள்படும் ‘ஏர்டெப்பெல்’ என்பதும், தக்காளிக்குச் சுவர்க்கத்தை நினைப்பூட்டும் ‘பரடைஸர்’ என்பதும் அவற்றுட் சில.

இனி, அச்சொற்களைச் சற்று உற்று நோக்குவோம். முள்ளங்கியைப் போன்று காரமுடைய ஒரு வேருக்குப் பெயர் ‘கிரேன்’. இது ஸ்லாவிய மொழிச்சொல். பிளம்பழத்தை நெடுநேரம் காய்ச்சிச் செய்யும் கூழுக்குப் பெயர் ‘போவிடல்’. இது செக் மொழிச்சொல். காலிபிளவரைக் குறிக்கும் ‘கார்பியோல்’ இத்தாலியிலிருந்து வந்தது. கத்தரிக்காயைக் குறிக்கும் ‘மெலன்ஸானி’ என்பதும் இத்தாலிய வழி வந்ததே. அஃது இத்தாலிக்கு அராபியர் வாயிலாகவும், அராபியருக்குப் பாரசீகர் வாயிலாகவும் சென்றது. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் நமது பாரத நாட்டிலே வந்து முடியும். எனவே, ‘இவை எம்முடையவை’ என்று ஒரு சிறு நாடு உலகறிய முழங்கிய சொற்களுட் பல அயலார் தந்தவை என்பது வெளிப்படை. இம்முரண்பாட்டை விளங்கிக்கொண்டால் ஆஸ்திரிய உணவை விளங்கிக்கொண்டதாகும்.

இன்றைய ஆஸ்திரியா ஏறக்குறைய 90 லட்சம் மக்கள் வாழும் ஒரு சிறு குடியரசு. ஆனால் 1918-ஆம் ஆண்டுவரை வியன்னா நகரம் ஹாப்ஸ்பர்க் மரபினரின் பேரரசுக்குத் தலைநகராய் விளங்கிற்று. 1910-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அப்பேரரசில் 5 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். ஜெர்மானியர், ஹங்கேரியர், செக்கர், ஸ்லோவாக்கியர், போலியர், உக்ரேனியர், ருமேனியர், குரோவேஷியர், ஸெர்பியர், ஸ்லோவேனியர், இத்தாலியர், யூதர் முதலிய பல இனத்தார் ஒரே ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். பிழைப்பைத் தேடி அவர்கள் தலைநகருக்கு வந்தபோது தத்தம் ஊர்ச் சமையலையும் உடன் கொண்டுவந்தனர்.

சிறப்பாகப் பொஹீமியாவிலிருந்தும் மொரேவியாவிலிருந்தும் வந்த செக் இனத்துப் பெண்கள் வியன்னாவின் செல்வர் இல்லங்களிலும் நடுத்தர வகுப்பார் இல்லங்களிலும் சமையற்காரிகளாக அமர்ந்தனர். அவர்தம் ஆடவர் நகரின் தென்புறத்துச் செங்கற்சூளைகளில் மண் பிசைந்தனர். அச்சூளைத் தொழிலாளர்க்கு நாணயத்திற்குப் பதிலாகத் தகர வில்லைகளே கூலியாக அளிக்கப்பட்டன என்பதையும், முதலாளியைச் சார்ந்த கடைகளிலன்றி வேறெங்கும் அவை செல்லா என்பதையும் விக்டர் ஆட்லர் என்னும் மருத்துவர் 1888-ஆம் ஆண்டில் நேரிற் சென்று கண்டறிந்து உலகுக்கு வெளியிட்டார். 1900-ஆம் ஆண்டளவில் வியன்னாவிலே செக் மொழி பேசுவோர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்தனர். அக்காலத்திலேதான், நகரின் குடியுரிமை பெற விரும்புவோர் அந்நகரின் ஜெர்மானியத் தன்மையைக் காப்பதாக ஆணையிட வேண்டும் என்ற விதியும் எழுந்தது. செக் பெண்ணின் கையால் ஆன உணவை நண்பகலில் உவந்துண்டு, மாலையில் அவள் மொழியை இகழ்ந்து பேசிய மாந்தர் அந்நகரிற் பலர் இருந்தனர் என்றால் அது மிகையன்று.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு ஆஸ்திரிய உணவு மேசையை அணுகுவோம்.

முதலில் வைப்பது சூப்பு. இறைச்சியையும் காய்கறிகளையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்து வடித்தெடுத்த தெளிந்த நீரில், தோசை போன்று மெல்லியதாக வார்த்த பணியாரத்தை நூல் நூலாக அரிந்து போடுவர். இதற்கு ‘பிரிட்டாட்டன்’ சூப்பு என்று பெயர். இப்பெயர் இத்தாலியத் தொடர்புடையது. ரவையை வெண்ணெயும் முட்டையும் சேர்த்து உருட்டிப் போடுவதும் உண்டு.

அந்தச் சூப்பிற்காக வெந்த மாட்டிறைச்சியே அடுத்த உணவாகும். ‘டாபெல்ஷ்பிட்ஸ்’ எனப்படும் பின்தொடைப் பகுதியை மெல்லிய கொதியில் மூன்று மணி நேரமளவும் வேகவைத்துத் துண்டமிட்டு, துருவிய ஆப்பிளோடு மேற்கூறிய காரமுள்ள கிரேன் வேரையும் கலந்த துவையலுடன் பரிமாறுவர். ஓசையும் ஆரவாரமும் அற்ற உணவு இது. பேரரசர் பிரான்ஸ் ஜோஸப் இதனைப் பெரிதும் விரும்பினார் என்பது யாவரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் எரிந்தழிந்த மைஸல் உண்டு ஷாடன் என்னும் பழம்பெரும் உணவுவிடுதியில், மாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வேகவைத்த இறைச்சி 24 வகையாகக் கிடைத்ததாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயர்களை அறியாதவர் அங்கே மதிக்கப்படார்.

அடுத்தது உலகெங்கும் பெயர்பெற்ற ‘வீனர் ஷ்னிட்ஸல்’, அஃதாவது வியன்னாத் துண்டம். கன்றிறைச்சியை மெல்லியதாகத் தட்டி, மாவிலும், அடித்த முட்டையிலும், ரொட்டித்தூளிலும் முறையே புரட்டி, மிகுந்த நெய்யிலோ கொழுப்பிலோ மிதக்குமாறு பொரிப்பர். மேலுறை இறைச்சியோடு ஒட்டாமல் அலைபோல் எழும்பியிருத்தல் நல்ல பாகத்தின் அடையாளம். எலுமிச்சைத் துண்டமன்றி வேறு குழம்பு எதனையும் இதன்மேல் ஊற்றலாகாது. ‘வீனர் ஷ்னிட்ஸல்’ என்று எழுதி விற்பதாயின் அது கன்றிறைச்சியாகவே இருத்தல் வேண்டும் என்பது ஆஸ்திரிய உணவு விதி. பன்றியிறைச்சியாற் செய்தால் அதனை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். விலை குறைந்திருப்பின் எவ்விறைச்சி என்று பட்டியலைப் பார்த்து அறிந்துகொள்ளல் நலம்.

இவ்வுணவைப்பற்றி ஒரு கதை வழங்குகின்றது. இத்தாலியிற் படைத்தலைவராயிருந்த மார்ஷல் ரடெட்ஸ்கி என்பார், மிலான் நகரத்துத் துண்டமொன்றைச் சுவைத்து, அதன் செய்முறையை வியன்னாவுக்கு அறிவித்தார் என்பதே அது. கேட்பதற்கு இனியதாயினும் இக்கதைக்கு ஆதாரமில்லை. மொழியறிஞர் ஹைன்ஸ் டீட்டர் போல் என்பவர் ஆராய்ந்து, 1969-ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளியான ஓர் உணவு நூலுக்கு முன்னர் இக்கதையைக் காண்பதற்கில்லை எனக் காட்டினார். மாவிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிக்கும் வழக்கமோ ரடெட்ஸ்கிக்கு நெடுங்காலம் முன்பே வியன்னாவில் இருந்தது. ஓர் உணவு சுவையாயிருந்தால் அதனைத் தளபதியோ அரசரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு போலும்! அடுப்பருகே நின்ற பணிப்பெண்ணை எவரும் எண்ணுவதில்லை.

‘கூலாஷ்’ என்பது ஹங்கேரியரின் கொடை. அம்மொழியில் ‘குயாஷ்’ என்றால் மாடு மேய்ப்பவன் என்று பொருள். சமவெளியில் மேய்ப்பர் கொப்பரையில் சமைத்த குழம்பு, வியன்னாவை அடைந்து, இறைச்சிக்குச் சமநிறை வெங்காயம் இட்டுச் சுண்டவைக்கும் கெட்டிக் குழம்பாயிற்று. அதற்குச் சிவப்பு நிறத்தைத் தருவது ‘பாப்ரிக்கா’ என்னும் மிளகாய்த்தூள். நம் அடுக்களை மிளகாயும் அந்தப் பாப்ரிக்காவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டையொட்டிப் பரவியவை. ஆயின், நமது நாவுக்குப் பாப்ரிக்காவின் காரம் மிக மெல்லியதாகவே தோன்றும்.

குழம்புக்குத் துணையாக வருவது ‘க்னோடல்’ என்னும் உருண்டை. முதல் நாளின் காய்ந்த ரொட்டியை எறிந்துவிட மனமில்லாத இல்லத்தரசி, அதனை அரிந்து, பாலில் நனைத்து, முட்டையும் கீரையும் சேர்த்து உருட்டி வேகவைத்தாள். இதுவே அதன் பிறப்பு. ஏழைமையும் சிக்கனமும் ஈன்ற உணவு இது. டைரோல் மலைநாட்டார் பன்றியிறைச்சித் துணுக்குகளையும் அதிற் சேர்ப்பர். அவர்களே மிஞ்சிய உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் வெங்காயத்துடன் இரும்புச் சட்டியில் வறுத்து, மேலே ஒரு முட்டையை உடைத்துவிட்டு உண்பர். அது ‘கிரோஸ்டல்’ எனப்படும். மலையேறிக் களைத்தவர்க்கு இதனினும் சிறந்த உணவில்லை.

புலால் உண்ணாத அன்பர் இந்நாட்டில் பட்டினி கிடக்க நேருமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. கத்தோலிக்கச் சமயத்தார் மிகுந்த நாடாகலின், இறைச்சியை விலக்க வேண்டிய நோன்பு நாட்கள் பண்டைக்காலத்தில் ஆண்டுதோறும் பல இருந்தன. அந்நாட்களில் மாவும், பாலும், முட்டையும், பழமுமே உணவாயின. நோன்பிலே தோன்றிய மாப்பண்டங்கள் காலப்போக்கில் விருந்தாயின. இன்றும் ‘மேல்ஷ்பைஸே’, அஃதாவது மாவுணவு என்ற பெயராலேயே இனிப்புப் பண்டங்களை அழைக்கின்றனர். அவற்றுட் சிலவற்றைப் பகலுணவாகவே உண்பதும் உண்டு. போரார்ல்பெர்க் மாகாணத்தில், முட்டையிட்டுப் பிசைந்த மாவைக் கொதிநீரிற் பிழிந்து, மலைநாட்டுப் பாலாடைக்கட்டியுடன் அடுக்கி, பொன்னிறமாக வறுத்த வெங்காயம் தூவித் தருவர். கரிந்தியா மாகாணத்தில், தயிர்க்கட்டியும், உருளைக்கிழங்கும், புதினாவும் சேர்ந்த பூரணத்தை மாவினுள் வைத்து, நாம் சோமாசிக்குச் செய்வதுபோல் ஓரத்தைக் கையால் மடித்து மடித்து அழகுசெய்து வேகவைப்பர். ஸ்டைரியா மாகாணத்தில் பூசணி விதையை வறுத்துப் பிழிந்த எண்ணெய் ஒன்றுண்டு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2½ கிலோ விதை வேண்டும். கரும்பச்சை நிறமும் கொட்டை மணமும் உடைய அவ்வெண்ணெயை அடுப்பிலேற்றாமல் பச்சைக்காய்க் கலவைமீது ஊற்றி உண்பர். ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும். காய்கறிச் சூப்பு என்று சொல்லப்படுவதும் இறைச்சி நீரிற் செய்யப்பட்டிருக்கலாம்; உருளைக்கிழங்கு பன்றிக் கொழுப்பில் வறுபட்டிருக்கலாம். ஆதலின் கேட்டு அறிந்து உண்பதே தக்கது.

இனி இனிப்பு வகைகளுக்கு வருவோம். ஆஸ்திரியரின் பெருமை இதிலேதான் விளங்குகின்றது. ‘ஷ்ட்ரூடல்’ என்ற சொல்லுக்கு நீர்ச்சுழி என்பது பொருள். மாவை மேசைமேல் விரித்த துணியில் வைத்து, இரு கைகளின் புறங்களாலும் சிறிது சிறிதாக இழுத்து, அடியிலுள்ள எழுத்துத் தெரியும்படி மெல்லியதாக்குவர். பின்னர் ஆப்பிள், திராட்சை, இலவங்கப்பட்டை, நெய்யில் வறுத்த ரொட்டித்தூள் ஆகியவற்றைப் பரப்பி, துணியோடு தூக்கிச் சுருட்டிச் சுடுவர். இம்மெல்லிய மாவின் கலை துருக்கியரிடமிருந்து ஹங்கேரி வழியாக வந்ததென்று பலரும் கருதுவர். 1696-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஷ்ட்ரூடல் குறிப்பொன்று வியன்னா நகர நூல்நிலையத்தில் இன்றும் உள்ளது. அதனினும் பழமையானது ‘லின்ஸர் டோர்ட்டே’ என்னும் லின்ஸ் நகரத்து அப்பம். அதன் 1653-ஆம் ஆண்டுக் குறிப்பு ஆட்மாண்ட் மடாலயத்தின் பழஞ்சுவடியில் 2005-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டது.

‘ஸாஹர் டோர்ட்டே’ என்பது சாக்கலேட்டால் ஆன அப்பம். 1832-ஆம் ஆண்டில், மந்திரி மெட்டர்னிக்கின் விருந்துக்காக, தலைமைச் சமையற்காரர் நோயுற்றிருந்த வேளையில், 16 வயதுத் தொழில்பயில் சிறுவனாயிருந்த பிரான்ஸ் ஸாஹர் இதனைப் படைத்தான் என்பர். பின்னாளில், ‘அசல்’ என்ற பெயர் ஸாஹர் விடுதிக்கு உரியதா, டெமல் பண்டசாலைக்கு உரியதா என்று வழக்கு எழுந்தது. ஆப்ரிகாட் பழப்பாகை அப்பத்தின் நடுவிலும் பூசுவதா, மேற்பூச்சின் அடியில் மட்டும் பூசுவதா என்பதும் வழக்கின் ஒரு கூறாயிற்று. பல ஆண்டுகள் நடந்த இவ்வழக்கு 1963-ஆம் ஆண்டில் சமாதானமாய் முடிந்து, ‘அசல்’ என்னும் பெயர் ஸாஹர் விடுதிக்குக் கிடைத்தது. ஒரு பழப்பாகுக்காக ஒரு நகரமே வாதிட்டது என்றால், உணவை அவர்கள் எத்துணைப் பெரிதாக மதிக்கின்றனர் என்பது தெளிவாகும்.

ஆயினும் வழக்காடுவார் எவருமின்றி வீடுதோறும் வழங்கும் பண்டங்களே எண்ணிறந்தவை. போவிடல் கூழை உள்ளிட்டுச் சுடும் மெத்தென்ற ‘புக்டல்ன்’ செக் பெண்களின் கைவண்ணம். பாகைத் தடவிச் சுருட்டும் மெல்லிய ‘பலாச்சிங்கென்’, இலத்தீன் மொழியிற் பிறந்து, ருமேனியர், ஹங்கேரியர் நாவிற் தவழ்ந்து வந்த பெயர். டான்யூப் நதிக்கரையிலுள்ள வாஹௌ பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் பழத்தின் கொட்டையை நீக்கி, அவ்விடத்திற் சர்க்கரைக் கட்டியை வைத்து, மாவால் மூடி வேகவைக்கும் உருண்டையைக் கோடையிற் சென்றவர் தவறவிடலாகாது. தடித்த பணியாரத்தைச் சட்டியிலேயே கிழித்துச் சர்க்கரை தூவித் தரும் ‘கைஸர்ஷ்மார்ன்’ பேரரசரின் பெயரைத் தாங்கியுள்ளது. ஸால்ஸ்பர்க் நகரில், முட்டை வெண்கருவை நுரையாக அடித்து, அந்நகரைச் சூழ்ந்த குன்றுகளைப் போல் மூன்று முகடாக எழுப்பிச் சுடுவர். அடுப்பினின்று வந்தவுடன் உண்ணாவிடின் குன்றுகள் சரிந்துவிடும்.

உணவுக்குப்பின் காப்பி. 1683-ஆம் ஆண்டில் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றோடியபோது விட்டுச்சென்ற காப்பிக்கொட்டை மூட்டைகளைக் கொண்டு, கொல்ஷிட்ஸ்கி என்னும் வீர ஒற்றர் முதற் காப்பிக்கடையைத் திறந்தார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில், 1685-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றவர் யோஹன்னஸ் டியோடாட்டோ என்னும் ஆர்மீனிய வணிகர். இங்கும் வீரன் கதையில் நின்றான். அயல்நாட்டு வணிகர் மறக்கப்பட்டார். காப்பிக்கடையில் ஒரு கோப்பை காப்பியும், அதனோடு தவறாது வரும் ஒரு குவளைத் தண்ணீரும் பெற்று, பத்திரிகை படித்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருக்கலாம். எழுந்து போ என்பாரில்லை. எழுத்தாளரும் மருத்துவரும் இசைவாணரும் அங்கே கூடி உலகத்து விஷயங்களை ஆராய்ந்தனர்.

அவர்களுட் பலர் யூதர். 1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவிற் புகுந்தன. யூதருக்குரிய காப்பிக்கடைகள் பறிக்கப்பட்டன. நேற்றுவரை அருகமர்ந்து காப்பி பருகியவர்கள் தெருவிலே இழிவுபடுத்தப்பட்டனர். தப்பியோடியவர் போக, ஆஸ்திரியாவைச் சேர்ந்த யூதருள் 65,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நாற்காலிகளும் கோப்பைகளும் இருந்தவாறே இருந்தன, அமர்ந்திருந்தவர் இலர். ஓர் இனத்தாரின் உணவை விரும்புவது ஒன்று, அவ்வினத்தாரை மதிப்பது மற்றொன்று என்பதனை இதனினும் கொடியதாக எந்நிகழ்ச்சி காட்டும்? நாவிற்குத் தெரிந்த உறவு நெஞ்சிற்குத் தெரியாமற் போயிற்று.

இதனாற்றான் அந்த 23 சொற்களை நாம் நகைத்து ஒதுக்குவதற்கில்லை. தன்னுடையது என்று ஒரு நாடு போற்றும் பொருள்களில் அயலார் தந்தவை எத்துணை என்று அச்சொற்கள் எண்ணிக் காட்டுகின்றன. பேரரசு போயிற்று, எல்லைகள் மாறின, செக்கர் நாடு வேறு, ஹங்கேரியர் நாடு வேறு என்றாயின. மேசைமீது மட்டும் அவர்கள் இன்னும் ஒருங்கே இருக்கின்றனர். பெறுவதால் ஒரு நாடு சிறுமையடைவதில்லை. பெற்றதை மறப்பதனாலேயே சிறுமையடைகின்றது.

தென் டைரோலில் ஹோக்கெப்பன் என்ற பழைய கோட்டையொன்றுண்டு. முதல் உலகப் போருக்குப்பின் அப்பகுதி இத்தாலியைச் சேர்ந்துவிட்டது. அக்கோட்டையின் சிற்றாலயத்துச் சுவரில், ஏறக்குறைய 1200-ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட இயேசுநாதரின் பிறப்புக் காட்சி காணப்படுகின்றது. குழந்தையும் தாயும் இருக்க, கீழே அடுப்பருகே ஒரு பணிப்பெண் குந்தியிருந்து, சட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயிலிடுகின்றாள். க்னோடல் உருண்டையைக் காட்டும் ஓவியங்களுள் மிகப் பழமையானது இதுவே என்பர். அவள் பெயர் எவருக்கும் தெரியாது. தளபதியையும் பேரரசரையும் பற்றிய கதைகளுக்கு நடுவே, சமைத்தவளையே சுவரில் எழுதிவைத்த அவ்வோவியன் நம் வணக்கத்துக்குரியவன். ஆஸ்திரியாவுக்குச் செல்லும் அன்பர்கள் அந்நாட்டு உணவை உவந்து உண்பார்களாக. உண்ணும்போது அவளையும் ஒருகணம் நினைப்பார்களாக.